மூடுபனியில் போர் விமானத்தை இறக்குவது: ரேடார் பார்த்துப் பேசும் ஆள் இன்னும் எதற்கு?

நீலவானம் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஏவியானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மோசமான வானிலையில் ராணுவ விமானங்களைத் துல்லியமாகத் தரையிறக்குவது பற்றி செமினார் எடுக்க வேண்டும். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது.

பி.ஏ.ஆர் என்று ஒரு ரேடார். தரையில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கள், சரிவுக்கு மேலே இருக்கிறீர்கள்” என்று ரேடியோவில் பேசியே விமானத்தை இறக்கிவிடுகிறார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து முறை. பல விமானப்படைகள் இதை இன்னும் கைவிடவில்லை. கையில் இருக்கும் போனே நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று காட்டும் காலத்தில், ஒரு மனிதரின் வாய்ச்சொல்லை நம்பி ஏன் இறங்க வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஓடுதளம்09

பழக்கத்தை விட மனமில்லை, அதுதான் காரணம் என்பேன். ஐ.எல்.எஸ் இருக்கிறதே. ரன்வே நடுக்கோட்டுக்கு ஒரு ரேடியோ கற்றை, 3 டிகிரி சரிவுக்கு இன்னொன்று. காக்பிட்டில் இரண்டு ஊசிகளும் நடுவில் நின்றால் பாதை சரி. கேட்-1 என்றால் 200 அடி வரைக்கும், கேட்-2 என்றால் 100 அடி வரைக்கும் தரை தெரியாமலே இறங்கி வரலாம். கேட்-3இல் விமானம் தானாகவே இறங்கும்.

நம் விமானப்படையும் மாஃபி திட்டத்தில் பட்டிண்டாவில் தொடங்கி, முதல் கட்டமாக 30 தளங்களை கேட்-2 தரத்துக்கு நவீனப்படுத்த இறங்கியது. 2020இல் இன்னும் 37 தளங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு எதற்குத் தரையில் ஒரு குரல்?

பழைய_ரேடார்

தம்பி இரண்டு பேருக்கும் வணக்கம். படையில் இருந்த காலத்தில் பெரும்பகுதி பி.ஏ.ஆர் திரை முன்னால்தான் கழிந்தது. எந்தத் தளம் என்று எழுத மாட்டேன், வேலை பற்றி எழுதுகிறேன்.

முதல் விஷயம். பி.ஏ.ஆரில் இறங்க விமானத்துக்குள் எந்தக் கருவியும் வேண்டாம். ரேடியோ ஒன்று வேலை செய்தால் போதும். ஐ.எல்.எஸ் அப்படி இல்லை, அதற்கு உள்ளே ரிசீவர் வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட் விமானங்கள் வழக்கமான சிவில் ஐ.எல்.எஸ் ரிசீவர் இல்லாமலே பல வருடம் பறந்தவை. கப்பலுக்கான வேறு கருவிதான் அவற்றில் இருந்தது. அப்படிப்பட்ட விமானம் தரைத்தளத்தில் பனியில் மாட்டினால் பி.ஏ.ஆர்தான் கதி.

அடிபட்டு வரும் விமானத்தை நினைத்துப் பாருங்கள். திசைகாட்டி செத்துவிட்டது, எந்தப் பக்கம் பறக்கிறோம் என்றே விமானிக்குத் தெரியாது. அதற்கும் ஒரு முறை உண்டு, நோ-ஜைரோ என்போம். “வலது பக்கம் திரும்பு” என்று சொல்வோம், அவர் திரும்ப ஆரம்பிப்பார். திரையில் புள்ளி சரியான கோட்டுக்கு வந்ததும் “திரும்புவதை நிறுத்து” என்போம். எத்தனை டிகிரி என்ற பேச்சே கிடையாது. அவருடைய திசைகாட்டியே நாங்கள்தான்.

இரண்டாவது, இடம். ஐ.எல்.எஸ்ஸின் சரிவுக் கற்றை ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் தரையில் பட்டுத் தெறித்துத்தான் உருவாகிறது. அந்தத் தரை சமமாக இருக்க வேண்டும். பனி குவிந்தாலும், பெரிய வண்டி குறுக்கே நின்றாலும் கற்றை கோணும். ஒரு தளத்தில் குண்டு விழுந்தால் இன்னொரு தளத்துக்குப் போகிற படைக்கு அவ்வளவு தயாரிப்புக்கு நேரம் ஏது? பி.ஏ.ஆர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற சாமான். காற்று மாறி ரன்வேயின் மறுமுனையில் இறக்க வேண்டுமென்றால் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து அளவு சரிபார்த்தால் ஆயிற்று.

பழக்கத்தை விட முடியாமல் வைத்திருக்கவில்லை, தம்பி.

பெர்லின்_வாசகி

இந்த முறை பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும், செமினாருக்கு உதவும்.

மூலவர் லூயிஸ் ஆல்வரெஸ், பின்னாளில் 1968இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். போர்க்காலத்தில் எம்.ஐ.டி-யின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் இருந்தார். பீரங்கி குறிபார்க்கும் ரேடார் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் அளவுக்குத் துல்லியமாகப் பின்தொடர்கிறதே, அதே துல்லியத்தை வைத்து நம் விமானத்தைப் பத்திரமாக இறக்க முடியாதா என்பதுதான் அவர் யோசனை. 1942இல் சோதித்தபோது தோற்றது. விமானம் தாழ வந்ததும் ரேடார் குழம்பியது. குளத்தங்கரையில் நிற்கும் கொக்குக்குத் தண்ணீரில் ஒரு பிம்பம் தெரிவது போல, தரையிலிருந்து தெறித்த எதிரொலி இன்னொரு விமானமாகத் தெரிந்தது. ரேடார் நிஜத்தை விட்டு பிம்பத்தின் பக்கம் தாவிவிடும். கடைசி சில நூறு அடியில் இப்படி ஆனால் செத்தோம்.

அவர் திட்டத்தை விடவில்லை. பக்கவாட்டுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று மெல்லிய கற்றையை வீசும் இரண்டு தனி ஆன்டெனாக்களைச் செய்தார். கற்றை குறுகலாக இருந்ததால் தரையிலிருந்து தெறிப்பது குறைந்தது. 1943 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் குவான்செட் பாயின்ட்டில் பனிப்புயல் வந்து தளத்தை மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து கடற்படையின் பி.பி.ஒய் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. சோதனையில் இருந்த அந்த ரேடாரை வைத்து, டவர் வழியாகவே சொல்லி ஒரு விமானத்தை ரன்வே கண்ணுக்குத் தெரியும் இடம் வரை கொண்டுவந்து இறக்கினார்கள். அவசரத்துக்கு இது பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

அதே வருடம் கருவி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அதை இயக்கிய பிரிட்டிஷ் விமானப்படைக் குழுவில் இருந்த ஓர் இளம் அதிகாரி ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறிய அதே அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான்.

இங்கிலாந்துக்கு அது எவ்வளவு அவசரம் என்பதற்கு ஓர் இரவு போதும். 1943 டிசம்பர் 16. பெர்லின் மீது குண்டுவீசப் போன லங்காஸ்டர்களில் 25 எதிரியிடம் அடிபட்டுத் திரும்பவில்லை. மற்றவை திரும்பி வந்தபோது தளங்களை மூடுபனி மூடியிருந்தது. சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து, தரையில் மோதியும், ஆட்கள் பாராசூட்டில் குதித்துவிட்டதாலும், ஏறக்குறைய 30 விமானங்கள் சொந்த நாட்டிலேயே அழிந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்கு மேலே வந்து செத்தார்கள். எதிரி கொன்றதைவிட மூடுபனி அழித்த விமானங்கள் அதிகம். இதைப் படித்த நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்போது அவர்களிடம் இருந்த மாற்று வழி ஃபிடோ. ரன்வேயின் இரண்டு பக்கமும் குழாய் போட்டு, பெட்ரோலை எரித்து, அந்தச் சூட்டில் மூடுபனியை விலக்குவது. ஒரு மணி நேரத்துக்குப் பல்லாயிரம் கேலன் எரியும். ஆனாலும் போர் முடிவதற்குள் சுமார் 2,500 விமானங்கள் அந்த நெருப்பு வரிசைக்கு நடுவே இறங்கிப் பிழைத்தன.

நீலவானம்

அக்கா, நன்றி. பெட்ரோலை எரித்தார்கள் என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் பெயரில் பெர்லின் இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெர்லின்_வாசகி

உண்டு, 1948 வான்வழி விநியோகம். சோவியத் படை சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டதால் மேற்கு பெர்லின் மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் போயின. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மேகம் கூரை உயரத்துக்கு இறங்கி, மழை கொட்டியது. பெர்லினின் டெம்பெல்ஹாஃப் விமான நிலையத்தில் ஒரு சி-54 சரக்கு விமானம் ரன்வே முனையைத் தாண்டி எரிந்தது. அடுத்து வந்தது அதில் மோதாமல் இருக்கப் பிரேக் பிடித்து டயர் வெடித்தது. மூன்றாவது, கட்டிக்கொண்டிருந்த ரன்வேயில் இறங்கிச் சுழன்றது. மேலே விமானங்கள் அடுக்கடுக்காகச் சுற்ற ஆரம்பித்தன. பொறுப்பாளரான ஜெனரல் டன்னரே அந்த அடுக்கில் ஒரு விமானத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். தன் விமானத்தைத் தவிர எல்லாவற்றையும் சரக்கோடு திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் போட்ட விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தடவைதான் வாய்ப்பு. இறங்க முடியவில்லையா, இன்னொரு முறை சுற்றி வந்து முயற்சி பண்ணாதே, சரக்கோடு புறப்பட்ட தளத்துக்கே திரும்பு. வானம் தெளிவாக இருந்தாலும் கருவி விதிப்படிதான் எல்லாரும் பறக்க வேண்டும். விமானங்களுக்கு இடையே மூன்று நிமிடம். கீழே ரேடார் முன்னால் அமர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி இறக்கினார்கள். குளிர்கால மூடுபனியிலும் விநியோகம் நிற்கவில்லை. 1949 ஏப்ரலில் ஈஸ்டரை ஒட்டி 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள், கிட்டத்தட்ட 13,000 டன்.

பட்டினி கிடந்த நகரத்துக்குக் கொண்டுபோன சரக்கைத் திருப்பி எடுத்துப் போ என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

டெல்டா_இறக்கை

குரலை நம்பலாம் என்கிறீர்கள். குரல் மௌனமான கதை ஒன்றும் இருக்கிறது.

1956 அக்டோபர் 1. பிரிட்டனின் புத்தம்புது வல்கன் குண்டுவீச்சு விமானம், எக்ஸ்.ஏ 897, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம் முடித்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்தது. வரவேற்கப் பெரிய கூட்டம் காத்திருந்தது. கடும் மழை. தரையிலிருந்து ரேடார் பார்த்துப் பேசித்தான் இறக்கினார்கள். விமானம் சரிவுக்குக் கீழே போய்விட்டது. ரன்வேக்கு ஏறக்குறைய 600 மீட்டருக்கு முன்பே காய்கறித் தோட்டத்தில் சக்கரம் பட்டது. மறுபடி எழுந்து, கட்டுப்பாடு இழந்து, ரன்வேயில் விழுந்து எரிந்தது. முன்னால் இருந்த விமானியும் துணை விமானி இருக்கையில் இருந்த ஏர் மார்ஷல் பிராட்ஹர்ஸ்டும் இருக்கையோடு வெளியேறித் தப்பினார்கள். பின்னால் இருந்த நால்வருக்கு அப்படிப்பட்ட இருக்கையே கிடையாது. நால்வரும் இறந்தார்கள்.

முடிவெடுக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே விமானி போனதும், சரிவுக்குக் கீழே இருக்கிறாய் என்று கட்டுப்பாட்டாளர் எச்சரிக்காததும் இரண்டுமே விசாரணையில் பதிவாயின. ரேடார் வேலை செய்தது, ரேடியோ வேலை செய்தது, சொல்ல வேண்டிய சொல் வரவில்லை.

ஓடுதளம்09

நான் சொல்ல வந்ததும் இதுதான். மனிதர் தவறுவார், கருவியை வையுங்கள்.

பழைய_ரேடார்

வல்கன் விபத்து எங்களுக்கும் பாடத்தில் வந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கருவி மட்டும் இருந்து ஆள் இல்லாத இடத்தில் நடந்ததையும் பாருங்கள்.

1996 ஏப்ரல் 3, குரோவேஷியாவின் துப்ரோவ்னிக். அமெரிக்க விமானப்படையின் சி.டி-43, அதாவது ராணுவ போயிங் 737. வணிக அமைச்சர் ரான் பிரவுன் உட்பட 35 பேர். மழை, தாழ்ந்த மேகம். அவர்கள் இறங்க வந்த முறை என்.டி.பி என்ற பழைய கலங்கரை விளக்கு மாதிரி ஒன்றை நம்பியது. அது ‘நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்’ என்று மட்டும் காட்டும். நீ கோட்டில் இருக்கிறாயா, உயரம் சரியா என்று எதுவும் சொல்லாது. அந்த முறைக்கு இரண்டு ரிசீவர் வேண்டும், விமானத்தில் ஒன்றுதான். 119 டிகிரியில் போக வேண்டியவர்கள் 110இல் போனார்கள். குன்றில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த அணுகுமுறையின் வரைபடமே தவறாக வகுக்கப்பட்டது என்று விமானப்படையின் விசாரணை சொன்னது.

ஒன்பது டிகிரி விலகல் பி.ஏ.ஆர் திரையில் தவறவே முடியாத அளவுக்குப் பெரிய விலகல். பார்க்க ஆள் இருந்திருந்தால் கத்தியிருப்பான்.

அலைநீளம்19

இருவரும் ஒரே விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறீர்கள். எங்கள் துறையில் துல்லியம் ஒரு எண், நம்பகம் வேறொரு எண். இரண்டு மீட்டர் துல்லியத்தோடு நூறு தடவை காட்டி, நூற்றோராவது தடவை ஐம்பது மீட்டர் தவறாகக் காட்டி, அதைச் சொல்லாமலும் இருக்கும் கருவியை வைத்து விமானம் இறக்க முடியாது. தவறினால் எத்தனை விநாடிக்குள் ‘என்னை நம்பாதே’ என்று அதுவே சொல்ல வேண்டும் என்பதற்கு வரம்பு உண்டு. கேட்-1க்கு இணையான செயற்கைக்கோள் அணுகுமுறைக்கு அது 6 விநாடி. நீலவானம் கேட்ட போன் ஜிபிஎஸ் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. போன் தவறாகக் காட்டினால் நாம் அடுத்த தெருவுக்குப் போவோம், அவ்வளவுதான்.

இதன் உச்சம் விமானந்தாங்கிக் கப்பல். ரன்வே நகர்கிறது, ஏறி இறங்குகிறது. இறங்குதளம் கப்பலின் நீள அச்சுக்குச் சாய்வாக இருப்பதால், கப்பல் முன்னே போகப் போக, வருகிற விமானத்துக்கு நடுக்கோடு வலப்பக்கம் விலகிக்கொண்டே இருக்கும். தரையில் தெறித்து உருவாகும் ஐ.எல்.எஸ் கற்றைக்கு அங்கே வேலையில்லை. அதனால் கப்பலிலிருந்து ரேடார் விமானத்தைப் பின்தொடர்ந்து, கணினி திருத்தத்தைக் கணக்கிட்டு, விமானத்தின் ஆட்டோபைலட்டுக்கே அனுப்பும் முறையைச் செய்தார்கள். 1957 ஆகஸ்ட் 12இல் யு.எஸ்.எஸ் ஆன்டீட்டம் கப்பலில் ஒரு எஃப்3டி ஸ்கைநைட் அப்படித் தானாக இறங்கியது.

இப்போது வந்திருப்பது ஜே-பால்ஸ். கப்பலில் ஜிபிஎஸ் ரிசீவர்கள், விமானத்தில் ஒன்று. செயற்கைக்கோள் கடிகாரப் பிழையும் அயனிமண்டலப் பிழையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கழித்தால் போய்விடும். உலகத்தில் நான் எங்கே என்ற கேள்வியே வேண்டாம், கப்பலிலிருந்து நான் எங்கே என்பது போதும். சிக்னலின் அலையையே எண்ணுகிறார்கள். எல்1 அலையின் நீளம் 19 சென்டிமீட்டர் (என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்). 200 கடல் மைல் தூரத்திலேயே விமானத்துக்குக் கப்பலின் திசை கிடைக்க ஆரம்பிக்கும், 60இல் இருவழித் தொடர்பு, கடைசி 10 மைலில் துல்லியத் தரவு. எஃப்-35பி, எஃப்-35சி, ஆளில்லா எம்.க்யூ-25 எல்லாம் இதை நம்பித்தான். கப்பல் பெரிய ரேடாரை முழக்கி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எதிரிக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஓடுதளம்09

ஜிபிஎஸ்ஸை ஜாம் செய்துவிட்டால்?

அலைநீளம்19

சரியான கேள்வி. ஜாமர் இருக்கும் திசையை அடைக்கிற ஆன்டெனாக்கள் உண்டு, ராணுவத்துக்குத் தனி மறைகுறி சிக்னல் உண்டு, சிறிது நேரம் தாங்க இனர்ஷியல் கருவி உண்டு. அப்படியும் கப்பலில் ரேடார் முறையையும், சரியான சரிவை விமானிக்கு வெளிச்சத்தால் காட்டும் ஒளிவில்லையையும் கழற்றிவிடவில்லை.

நம்பகம் என்றேனே, அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எக்ஸ்-47பி. 2013 ஜூலை 10. யு.எஸ்.எஸ் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் கப்பலில் ஆளே இல்லாத அந்த விமானம் இரண்டு தடவை இறங்கியது. உலகமே கைதட்டியது. மூன்றாவது தடவை வரும்போது அதன் வழிகாட்டிக் கணினிகளில் ஒன்றில் கோளாறு. அதுவே கண்டுபிடித்து, இறங்காமல் விலகி, கரையில் வாலப்ஸ் தீவுக்குப் போய் இறங்கியது. செய்தியில் அதைக் குறையாக எழுதினார்கள். என் கணக்கில் அன்றைய மூன்று முயற்சிகளில் சிறந்தது அந்த மூன்றாவதுதான்.

பெர்லின்_வாசகி

முடியாவிட்டால் திரும்பிப் போ. டன்னர் விதியை அந்த எந்திரம் தானே கடைப்பிடித்திருக்கிறது!

பழைய_ரேடார்

இதைக் கேட்டதும் என் கதை ஒன்றை எழுதத் தோன்றுகிறது. இதுவரை வீட்டில் மட்டும் சொன்னது.

பருவமழை நாள், ராத்திரி. ஒரு போக்குவரத்து விமானம் ஃபைனலில், அதாவது இறங்கும் கடைசி நேர்பாதையில். எங்கள் ரேடார் அலைக்கு மழை பெரிய எதிரி. துளியெல்லாம் திரையில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்கு வட்டமாகச் சுழலும் அலையை அனுப்புவோம். மழைத்துளி உருண்டை. அதில் பட்டுத் திரும்பும் அலை எதிர்ப்பக்கமாகச் சுழன்று வரும், ஆன்டெனா அதை ஏற்காது. விமானம் கோணல்மாணலான உருவம் என்பதால் அதன் எதிரொலியில் ஒரு பங்கு ஏற்கப்படும். ஆனால் ஒரு பங்குதான். மழையை அழித்தால் விமானமும் மங்கும்.

மூன்று மைல் வரை புள்ளி நன்றாக இருந்தது. இரண்டு மைலில் உயரத் திரையில் மங்கியது. பக்கவாட்டுத் திரையில் இருந்தது. “சரிவில் இருக்கிறீர்கள்” என்று சொல்ல வாய் எடுத்தேன். ஒரு நொடி முன்னால் அப்படித்தான் இருந்தார், இப்போதும் அப்படித்தான் இருப்பார் என்று மனசு சொல்கிறது. ஆனால் நான் பார்க்கவில்லை. “கோ அரவுண்ட், உயரத் தொடர்பு இல்லை” என்றேன்.

ஏறிப் போனார்கள். எரிபொருள் இருந்தது, வேறு தளத்தில் இறங்கினார்கள். மறுநாள் மேலதிகாரி ஒருவர் கேட்டார், இன்னும் ஐந்து நொடி பொறுத்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் அவசரம் என்று. பதில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை, நடவடிக்கையும் எடுக்கவில்லை. அந்த விமானத்தில் இருந்தவர்கள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அவர்கள் சரிவில்தான் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

டெல்டா_இறக்கை

சார், வல்கனை எழுதும்போது கட்டுப்பாட்டாளர்கள் மேல் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அந்தக் கடைசி சில விநாடிகளில் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பழைய_ரேடார்

கடுமை ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதினீர்கள்.

நீலவானம்

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். ஒரு கேள்வி. கட்டுப்பாட்டாளருக்கே பேச்சு நின்றுவிட்டால், அல்லது ரேடியோ செத்துவிட்டால் விமானிக்கு எப்படித் தெரியும்? ஃபைனலில் விமானி பதில் சொல்லக்கூடாது என்று படித்தேனே?

பழைய_ரேடார்

நல்ல கேள்வி. ஆமாம், ஃபைனலில் “இனி பதில் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிடுவோம், பேச்சு எங்களுடையது மட்டும். அதனால்தான் ஐந்து விநாடி விதி. ஐந்து விநாடிக்கு என் குரல் கேட்கவில்லை என்றால் அவர் யாரையும் கேட்காமல் மேலே ஏறிவிட வேண்டும். சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் “சரிவில் இருக்கிறீர்கள், நடுக்கோட்டில் இருக்கிறீர்கள்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதற்குத்தான். குரல் வருவதே ஒரு செய்தி.

ஓடுதளம்09

இது எனக்குத் தெரியாது. கருவி பழுதானால் ஊசியில் சிவப்புக் கொடி விழுவது போல, இங்கே மௌனம்தான் கொடி. என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். பழக்கம் என்று எழுதியது தவறு.

அலைநீளம்19

கப்பலிலும் இப்படி ஒருவர் உண்டு. இறங்குதளத்தின் இடது விளிம்பில் எல்.எஸ்.ஓ என்ற இறக்க வழிகாட்டும் அதிகாரி நிற்பார், அவரும் விமானிதான். முக்கால் மைலில் ஒளிவில்லை தெரிந்ததும் விமானி ‘பால்’ (ball, அதன் ஒளிப்புள்ளி) என்று சொல்ல வேண்டும். எல்.எஸ்.ஓ கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்குகள் மின்னும், வருகிறவர் யாராக இருந்தாலும் ஏறிப் போயே ஆக வேண்டும். விமானம் தானாக இறங்கும் இரவிலும் அவர் அங்கே நிற்பார்.

நீலவானம்

செமினார் அடுத்த வாரம். ஜே-பால்ஸை மட்டும் பேசுவதாக இருந்தேன், இப்போது ஐந்து விநாடி விதியிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். வகுப்பில் அதைப் புரியவைக்க ஏதாவது வழி சொல்லுங்கள் ஐயா.

பழைய_ரேடார்

ஒரு நண்பரை ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல். பத்து கடல் மைல், 120 நாட் வேகம் என்று வைத்துக்கொள். ஐந்து நிமிடம் வரும். பலகையில் இரண்டு கோடு போட்டு இன்னொருவரைப் புள்ளியை நகர்த்தச் சொல், அவர் இஷ்டத்துக்கு விலக்கட்டும். நீ பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வா. ஐந்து விநாடிக்கு மேல் வாய் மூடினால் ஸ்டாப்வாட்ச்காரர் “ஏறுகிறேன்” என்று கத்த வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் தொண்டை வறளும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். குடிக்கவும் ஐந்து விநாடிதான்.